டயலொக் பெட்டி கொஞ்ச நேரத்துல தானா மூடணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், பதுளை, பண்டாரவளை பக்கம் ஆப் செய்யப் பழகுற தம்பி தங்கச்சிமார் திரும்பத் திரும்ப கேக்கிற ஒண்ணு இருக்கு, ஸ்கிரீன்ல ஒரு பெட்டி வந்து "சேவ் ஆயிருச்சு"ன்னு காட்டிட்டு ரெண்டு மூணு செக்கன்ல தானா போகணும், அத எப்படி செய்றதுன்னு. கோட்னு பாத்தா நாலு வரிதான். ஆனா அந்த நாலு வரியாலதான் ஆப் கிராஷ் ஆகுது, பின்னால இருந்த ஸ்கிரீனும் சேந்து மூடுது, பாக்க வேண்டிய கணக்க ஆளுங்க பாக்காமலே போயிருது. அதனால வந்த கேள்விகள ஒரே இடத்துல போட்டு பதில் எழுதியிருக்கேன். பாதிக்கு மேல அன்ட்ரொய்ட் பத்தித்தான், நம்ம ஆளுங்க கையில அனேகமா இருக்கிறது அந்த போன்தான்.

அக்கா, பெட்டி எதுக்கு தானா மூடணும்? ஓகே பட்டன் ஒண்ணு வச்சா போதாதா?

நெறைய இடத்துல போதும். பட்டன் போதுற இடத்துல டைமர் போடாதீங்க, அதுதான் என் முதல் பதில்.

ஆனா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற இடத்த நெனச்சுப் பாருங்க. மஸ்கெலியா பக்கம் தென்மேற்கு மழை தொடங்கிட்டா மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் ஈரம்தான், கணக்கு எழுதுற பிள்ளைட விரலும் ஈரம், போன் கண்ணாடியிலயும் துளித்துளியா தண்ணி. நம்ம போன் ஸ்கிரீன் எல்லாம் விரல்ல இருக்கிற மின்சாரத் தன்மைய வச்சுத்தான் தொட்டத கண்டுபிடிக்குது, தண்ணியும் மின்சாரத்த கடத்துறதால துளி விழுந்த இடத்தையும் சில நேரம் விரல்னு எடுத்துக்கும், உண்மையான விரல கவனிக்காமலும் விட்டுரும். ஒவ்வொரு ஆளுக்கும் "ஓகே"ய மூணு நாலு தடவ அமத்தணும்னா வரிசை நகராது, கூடையோட நிக்கிறவங்களுக்குத்தான் கஷ்டம். அங்க "அனுப்பியாச்சு" மாதிரி ஒரு சின்னச் செய்தி தானா போனா ரொம்ப உதவி. பள்ளிக்கூடத்துல வரவு எடுக்கிற ஆப், கடையில பார்கோட் அடிக்கிற ஆப், இப்படி ஒரே வேலைய வரிசையா செய்ற எல்லா இடத்துக்கும் இது பொருந்தும்.

அப்போ எந்தப் பெட்டிய தானா மூடக்கூடாது?

இதுக்குக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதணும், ஏன்னா கோட் எப்படி எழுதுறதுன்னு நூறு பேரு சொல்லிக் குடுப்பாங்க, இத யாரும் சொல்றதில்ல.

ஒரு பெட்டிக்கு டைமர் போட முந்தி நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், இத ஒருத்தர் பாக்காம விட்டா அவருக்கு என்ன நட்டம்? ஒண்ணும் இல்லன்னா டைமர் போடுங்க. ஏதாவது இருக்குன்னா போடாதீங்க. "படம் சேவ் ஆயிருச்சு" பாக்காம விட்டா ஒண்ணும் ஆகாது, படம் கேலரியில இருக்கும். "உங்க பாஸ்வேர்ட மாத்தியாச்சு" பாக்காம விட்டா, மாத்தினது வேற யாரோன்னா அவருக்குத் தெரியவே வராது. அழிக்கவான்னு கேக்கிற பெட்டி, காசு அனுப்பவான்னு கேக்கிற பெட்டி, லொகேஷன் கமெரா அனுமதி கேக்கிறது, மருந்து நேரம் சொல்றது, பிழை வந்ததுக்குக் காரணம் சொல்றது, இதெல்லாம் ஆளு கையால மூடுற வரைக்கும் நிக்கணும். கேள்வி கேட்டுட்டு மூணு செக்கன்ல ஓடிப்போற பெட்டி, பதில் வராததுக்கு "ஆமா"ன்னு எடுத்துக்குமா "இல்ல"ன்னு எடுத்துக்குமாங்கிறது அந்த ஆளுக்குத் தெரியாது, அதனால கேள்வி கேக்கிற எந்தப் பெட்டிக்கும் டைமர் வேணாம்.

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வாங்க. கொழுந்து நிறுக்கிற ஆப்ல "மொத்தம் 19 கிலோ, கழிவு 2, பதிவு 17"ன்னு ஒரு பெட்டி வருதுன்னு வைங்க. கூடைக்கு, ஈரத்துக்குன்னு கழிக்கிற கிலோ பத்தி தோட்டத்துல எவ்வளவு காலமா வாக்குவாதம் நடக்குதுன்னு லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல, வளந்த யாருக்கும் சொல்லத் தேவயில்ல. கேட்ட கிலோவுக்குக் குறைஞ்சா அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, போடுற இடங்களும் இருக்கு. தராசுல நிறுத்தப்ப முள்ளு எங்க நிக்குதுன்னு கொழுந்து கொண்டு வந்த அம்மா நேரா பாக்கலாம், சத்தம் போட்டுக் கேக்கலாம். இப்ப அந்த நம்பர் கணக்கப்பிள்ளை கையில இருக்கிற போன்ல ரெண்டு செக்கன் மின்னிட்டுப் போகுதுன்னா அந்தம்மா எத பாத்துக் கேப்பாங்க? இது டிசைன் பிரச்சினை மட்டும் இல்ல, ஒருத்தங்க நாட்கூலி சம்பந்தப்பட்ட விஷயம். இந்த மாதிரி நம்பர காட்டுற பெட்டி அவங்க பாத்து "சரி"ன்னு சொன்ன பிறகு மூடட்டும். மழை, விரல் ஈரம், வரிசை நீளம்னா பட்டன நல்லாப் பெருசாக்குங்க, வொல்யூம் கீயால மூட விடுங்க, அதுவும் ஏலாதுன்னா பெட்டி தானா போனாலும் அந்த நம்பர் அதே ஸ்கிரீன்ல மேல, அடுத்த ஆள் நிறுக்கிற வரைக்கும், பெரிய எழுத்துல நிக்கணும். அன்னைக்கு முழுக்க நடந்த நிறுவைய பிறகு எடுத்துப் பாக்க ஒரு லிஸ்டும் கட்டாயம் இருக்கணும்.

எத்தன செக்கன் வைக்கிறது?

முதல்ல சிஸ்டம் என்ன வச்சிருக்குன்னு பாருங்க. அன்ட்ரொய்ட் டோஸ்ட்ல (கொஞ்ச நேரம் வந்துட்டுப் போற சின்ன எழுத்துப் பட்டை) சின்னது 2 செக்கன், பெருசு 3.5 செக்கன். கூகுள்ட மெட்டீரியல் லைப்ரரியில வர்ற ஸ்னெக்பார் (ஸ்கிரீன் அடியில வர்ற பட்டை) சின்னது 1.5 செக்கன், பெருசு 2.75. ஆப் கட்டுற இன்னொரு கருவியான ஃப்ளட்டர்ல, பட்டன் இல்லாத ஸ்னெக்பார் நீங்க ஒண்ணும் சொல்லாட்டி 4 செக்கன் நிக்கும்.

அந்த 1.5 செக்கன் நம்ம ஆளுங்களுக்குப் பத்தாதுன்னுதான் சொல்லுவேன். தமிழ்ல ஒரு வரி இங்கிலீஷ விட அகலமா வரும், எழுத்து சைஸ பெருசா வச்சிருக்கிற போன்ல அதே செய்தி ரெண்டு மூணு வரியா உடையும். எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி, அந்தச் செய்திய கொஞ்சம் வயசான ஒருத்தர்ட்ட குடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்க, அவர் வாசிச்சு முடிக்கிற நேரத்தோட இன்னும் ஒரு செக்கன் ரெண்டு செக்கன் சேருங்க. அதுக்காக 15 செக்கன் வருதுன்னா உங்க செய்தி நீளம், நேரத்தக் கூட்டாம செய்திய குறைங்க. நாலஞ்சு சொல்லுக்கு மேல இருக்கிற எதுக்கும் நான் தானா மூடுற பெட்டிய போடுறதே இல்ல.

டயலொக்தான் வேணுமா? டோஸ்ட், ஸ்னெக்பார் சரிவராதா?

அனேகமா சரிவரும், அதுதான் நல்லதும். டயலொக் வந்தா பின்னால இருக்கிற எதையும் தொட ஏலாது, ஆளுட வேலைய நிப்பாட்டிட்டு முன்னால வந்து நிக்கும். வெறுமனே தகவல் சொல்லிட்டுப் போறதுக்கு அது தேவயில்ல. ஸ்னெக்பார்னா கீழ வரும், வேல நடந்துக்கிட்டே இருக்கும், "திருப்பி எடு"ன்னு ஒரு பட்டனும் வைக்கலாம், நேரம் முடிஞ்சா அதுவே போகும், நீங்க டைமர் எழுதவே வேணாம். வெயில்ல வெளிய நின்னு வேல செய்றப்ப கீழ வர்ற சின்னப் பட்டை கண்ணுக்குப் படாதுங்கிற இடத்துலதான் நடுவுல பெருசா டிக் அடையாளத்தோட ஒரு டயலொக் காட்டிட்டு மூடுறதுல நியாயம் இருக்கு.

சரி, அன்ட்ரொய்ட்ல பழைய முறையில எப்படி எழுதுறது?

அலர்ட் டயலொக்க பில்டரால கட்டி ஷோ பண்ணுங்க, அத ஒரு வேரியபிள்ல வச்சுக்கோங்க. பிறகு மெயின் லூப்பரோட (ஸ்கிரீன் வேலைகள வரிசையா ஓட்டுறது) ஒரு ஹேண்ட்லர் (அந்த வரிசையில வேல போடுறது) எடுத்து, டயலொக்க டிஸ்மிஸ் பண்ணுற ஒரு ரன்னபிள (பிறகு ஓட வேண்டிய கோட் துண்டு) எழுதி, அந்த ரன்னபிளயும் தனியா ஒரு வேரியபிள்ல வச்சு, போஸ்ட் டிலேய்ட்ல 3000 மில்லிசெக்கன் குடுங்க. ஹேண்ட்லர உண்டாக்கிறப்ப அடைப்புக்குறிய வெறுமையா விடாதீங்க, அந்த முறை அன்ட்ரொய்ட் 11ல இருந்து வேணாம்னு ஒதுக்கியாச்சு, எந்த லூப்பர்னு நீங்களே சொல்லணும்.

எல்லாரும் இதோட நிப்பாட்டுறாங்க. நிப்பாட்டக்கூடாது. டயலொக்குக்கு ஒன் டிஸ்மிஸ் லிசனர் ஒண்ணு வச்சு, அதுக்குள்ள ரிமூவ் கோல்பெக்ஸால அந்த ரன்னபிள எடுத்துருங்க. ஆளு கையால மூடினாலும் பெக் அமத்தி மூடினாலும் டைமரும் அதோட செத்துரும். எக்டிவிட்டிட (ஆப்ட ஒரு ஸ்கிரீன்) ஒன் டிஸ்ட்ரொய்ல டயலொக் இன்னும் நிக்குதான்னு பாத்து நின்னா மூடுங்க. பெட்டி போனா டைமரும் போகணும், ஸ்கிரீன் போனா பெட்டியும் போகணும், இந்த ரெண்டையும் கட்டிட்டா கீழ வர்ற பாதிப் பிரச்சினை உங்களுக்கு வராது.

டயலொக் ஃப்ரெக்மென்ட் (டயலொக்க தனக்குள்ள வச்சு நடத்துற ஸ்கிரீன் துண்டு) பாவிக்கிறீங்கன்னா லிசனர நேரா டயலொக் மேல வைக்காதீங்க, அந்த லிசனர் ஃப்ரெக்மென்டுக்குச் சொந்தம், நீங்க ஒன் டிஸ்மிஸ் மெதட்ட ஓவர்ரைட் பண்ணி அதுக்குள்ள எழுதணும்.

ஸ்கிரீன திருப்பினா இல்லாட்டி சீக்கிரமா பெக் போனா ஆப் கிராஷ் ஆகுது. "வியூ நொட் அட்டேச்ட்"னு ஏதோ வருது.

போன சரிச்சா அன்ட்ரொய்ட் சாதாரணமா அந்த எக்டிவிட்டிய அழிச்சிட்டு புதுசா ஒண்ணக் கட்டும். உங்க டயலொக் பழைய எக்டிவிட்டிட ஜன்னல்ல ஒட்டியிருந்தது, ஜன்னலே போயிருச்சு, மூணு செக்கன் கழிச்சு டைமர் வந்து இல்லாத ஜன்னல்ல இருந்து பெட்டிய எடுக்கப் பாக்குது, அதுதான் அந்தப் பிழை. லொக்கட்ல (ஆப் ஓடுறப்ப வர்ற குறிப்பு வரிகள்) "லீக்ட் விண்டோ"ன்னு ஒரு சிவப்பு வரியும் முந்தியே வந்திருக்கும், அத கவனிக்காம விட்டிருப்பீங்க.

இதுக்கு மறுபக்கமும் ஒண்ணு இருக்கு. நெட்ல இருந்து பதில் வந்த உடனே டயலொக் காட்டுறீங்க, பதில் வர முந்தி ஆளு ஸ்கிரீன விட்டுப் போயிட்டாரு, முடிஞ்சுபோன எக்டிவிட்டி மேல ஷோ பண்ணினா "பேட் டோக்கன்"னு கிராஷ் ஆகும். ஷோ பண்ண முந்தி இஸ் ஃபினிஷிங், இஸ் டிஸ்ட்ரொய்ட் ரெண்டையும் பாத்துருங்க.

ஃப்ரெக்மென்ட்னா இன்னொரு விதமா உடையும். ஆளு வாட்ஸ்அப்புக்குப் போயிட்டாரு, ஆப் பின்னால தன் நிலைய சேவ் பண்ணிருச்சு, அப்ப டைமர் வந்து டிஸ்மிஸ் பண்ணினா "சேவ் ஆன பிறகு இத செய்ய ஏலாது"ங்கிற கருத்துல இல்லீகல் ஸ்டேட் எக்செப்ஷன் வரும். நெறைய பேரு டிஸ்மிஸ் எலவ்விங் ஸ்டேட் லொஸ்னு மாத்திட்டுப் போயிருவாங்க, கிராஷ் நிக்கும்தான், எனக்கு அதவிட ஒன் ஸ்டார்ட்ல டைமர தொடங்கி ஒன் ஸ்டொப்ல நிப்பாட்டுறதுதான் பிடிக்கும். அப்படி எழுதினா ஆளு திரும்பி வந்த பிறகு பெட்டி மறுபடி முழு நேரமும் நிக்கும், செய்தி அவர் கண்ணுக்குப் படும்.

த்ரெட் ஸ்லீப் 3000 போட்டேன், போனே உறைஞ்சு போகுது.

ஸ்கிரீன் வேல எல்லாம் ஓடுற மெயின் த்ரெட்ல தூங்க வச்சா ஸ்கிரீன வரையிறதும் தொட்டத கேக்கிறதும் எல்லாம் அதோட சேந்து தூங்கும். சில நேரம் டயலொக்கே தெரியாது, வரைய முந்தியே தூக்கம் வந்துருச்சு. தொட்டதுக்கு 5 செக்கன் வரைக்கும் பதில் இல்லன்னா "ஆப் பதில் சொல்லல"ங்கிற பெட்டிய சிஸ்டமே காட்டும். ஸ்லீப்ப எடுங்க, போஸ்ட் டிலேய்ட் இல்லாட்டி கொரூட்டின்ட (கொட்லின்ல நடுவுல நின்னு தொடரக்கூடிய வேல) டிலே, அது யாரையும் நிப்பாட்டாது.

ஜாவா டைமர் கிளாஸ் பாவிச்சா என்ன?

வேல செய்யும். டிஸ்மிஸ்ஸ எந்த த்ரெட்ல இருந்தும் கூப்பிடலாம், அது தானே மெயின் த்ரெட்டுக்கு மாத்தி அனுப்பிக்கும். அத நம்பி அதே டைமருக்குள்ள டெக்ஸ்ட் வியூல எழுத்த மாத்தப் போனீங்கன்னா தப்பான த்ரெட்னு சொல்லி உடையும். வெறும் பெட்டி மூடுறதுக்குத் தனியா ஒரு த்ரெட் எதுக்கு, விடுங்க.

அன்ட்ரொய்ட்ல ஸ்கிரீன் கட்டுற புது முறை, ஜெட்பெக் கொம்போஸ்ல?

இங்கதான் இந்த வேல சுத்தமா முடியும். காட்டணுமா இல்லையாங்கிறது ஒரு ஸ்டேட், அதாவது ஆப் ஞாபகம் வச்சிருக்கிற நிலை. அது உண்மையா இருந்தா அலர்ட் டயலொக், அதுக்குப் பக்கத்துலயே ஒரு லோஞ்ச்ட் எஃபெக்ட், அதுக்குள்ள டிலே 3000, பிறகு ஸ்டேட்ட பொய்யாக்குங்க. ஆளு முந்தியே மூடிட்டா அந்த எஃபெக்ட் ஸ்கிரீன விட்டுப் போறப்ப கொரூட்டினும் தானா நிண்டுரும், நீங்க எதையும் கழட்ட வேணாம். ஒண்ண மட்டும் பாருங்க, அதே பெட்டியில செய்தி மாறிக்கிட்டே இருக்கும்னா லோஞ்ச்ட் எஃபெக்டுக்கு கீயா அந்தச் செய்தியையே குடுங்க, இல்லாட்டி முதல் செய்திக்கு ஓடத் தொடங்கின டைமர் ரெண்டாவது செய்திய அரைச் செக்கன்லயே மூடிரும். அதே எழுத்து ரெண்டு தடவ வரலாம்னா, நிறுவையில ரெண்டு பேருக்கும் 17 கிலோ வரலாம்தானே, எழுத்துக்குப் பதிலா ஒவ்வொரு பதிவுக்கும் வேற வேற ஐடி குடுங்க. ஸ்கிரீன திருப்பினா பெட்டி காணாமப் போகக்கூடாதுன்னா ரிமெம்பர் சேவபிள், அப்ப டைமர் முதல்ல இருந்து ஓடும், அதுல பிழையில்ல.

ஃப்ளட்டர்ல பெட்டி மூடுது, ஆனா பின்னால இருந்த பேஜும் சேந்து போயிருது, பைத்தியம் பிடிக்குது அக்கா.

எனக்கு வர்ற கேள்வியில இதுதான் கூட. நீங்க ஷோ டயலொக் போட்டு, கீழ ஃப்யூச்சர் டிலேய்ட்ல 3 செக்கன் குடுத்து, அதுக்குள்ள நெவிகேட்டர் பொப் எழுதியிருப்பீங்க. பொப்புக்கு உங்க டயலொக் எதுன்னு தெரியாது, மேல எது இருக்கோ அத எடுத்துரும், சாப்பாட்டுத் தட்ட அடுக்கி வச்ச மாதிரி. ஆளு ரெண்டாவது செக்கன்ல தானே "ஓகே" அமத்திட்டா டயலொக் போயிருச்சு, மூணாவது செக்கன்ல பொப் வந்து அடுத்து மேல இருக்கிறத, அதாவது உங்க பேஜ எடுத்துருது. அதுக்குள்ள இன்னொரு டயலொக் வந்திருந்தா அதத்தான் எடுக்கும், அதுல ஒருத்தர் பாதி டைப் பண்ணியிருப்பாரு.

ஃப்யூச்சர் டிலேய்ட நடுவுல நிப்பாட்ட ஏலாது, அதனால டைமர் கிளாஸ பாவிங்க. ஷோ டயலொக் ஒரு ஃப்யூச்சர திருப்பித் தரும், பெட்டி எப்படி மூடினாலும் அது முடியும், அங்க டைமர கென்சல் பண்ணுங்க. இதவிட எனக்குப் பிடிச்ச வழி, டயலொக்க ஒரு ஸ்டேட்ஃபுல் விட்ஜெட்டா எழுதி, இனிட் ஸ்டேட்ல டைமர தொடங்கி, டிஸ்போஸ்ல கென்சல் பண்ணுறது. பொப் பண்ண முந்தி அந்த விட்ஜெட்ட ரூட் (route, அடுக்குல இருக்கிற ஒரு தட்டு) தான் இப்ப மேல இருக்கான்னு மோடல் ரூட்ட இஸ் கரன்டால பாருங்க, இல்லன்னா பொப் வேணாம், ரிமூவ் ரூட்டால அத மட்டும் எடுக்கலாம். ஷோ டயலொக் சாதாரணமா ரூட் (root, ஆப் முழுசுக்கும் பொதுவான) நெவிகேட்டர்ல போய் ஏறும், உங்க ஆப்ல டேப்புக்கு ஒரு நெவிகேட்டர் இருந்தா வெளிய இருக்கிற கொன்டெக்ஸ்டால பொப் பண்ணுறப்ப டயலொக் அப்படியே நிக்க டேப்ல இருந்த பேஜ் போகும். பில்டர் குடுக்கிற கொன்டெக்ஸ்ட பாவிச்சா இந்தக் கரைச்சல் இல்ல.

ரியெக்ட் நேட்டிவ்ல அலர்ட்ட எப்படி மூடுறது?

மூட ஏலாது. அலர்ட் அலர்ட்டுக்கு கோட்ல இருந்து மூடுற வழியே குடுக்கல. மோடல் கொம்போனன்ட்ட எடுத்து விசிபிள ஒரு ஸ்டேட்ல கட்டி, யூஸ் எஃபெக்ட்ல செட் டைம்அவுட், அதே எஃபெக்ட்ட திரும்ப குடுக்கிற ஃபங்ஷன்ல கிளியர் டைம்அவுட். அந்தக் கிளியர மறந்துராதீங்க.

ஐஃபோனுக்கு?

யூஐ அலர்ட் கொன்ட்ரோலர ப்ரெசென்ட் பண்ணிட்டு, டிஸ்பெட்ச் மெயின் கியூல எசிங்க் ஆஃப்டர் 3 செக்கன், அதுக்குள்ள டிஸ்மிஸ். டிஸ்மிஸ்ஸ அலர்ட் மேலயே கூப்பிடுங்க, செல்ஃப் மேல கூப்பிடாதீங்க. ஆளு முந்தியே அலர்ட்ட மூடியிருந்து, உங்க ஸ்கிரீனும் மோடலா வந்த ஒண்ணுன்னா, செல்ஃப் டிஸ்மிஸ் அந்த ஸ்கிரீனையே கீழ இறக்கிரும், ஃப்ளட்டர்ல வந்த அதே வருத்தம். அலர்ட்ட வீக்கா பிடிங்க. ஐஃபோன்ல டோஸ்ட்னு சிஸ்டமே தர்ற ஒண்ணு இல்ல, அதனாலதான் எல்லாரும் அலர்ட்ட இப்படிப் பாவிக்கிறாங்க, நேரம் இருந்தா சின்னதா ஒரு வியூ செஞ்சு மேல காட்டி மறைக்கிறது நல்லது.

லோடிங் பெட்டி அஞ்சு செக்கன்ல மூடட்டும்னு டைமர் வச்சேன், சரிதானே?

சரியில்ல தம்பி. லோடிங் பெட்டி ஒரு வேல நடக்குதுன்னு சொல்றது, அது வேல முடிஞ்சா மூடணும், நேரம் முடிஞ்சா இல்ல. கொழும்புல இருந்து டெஸ்ட் பண்ணினா அஞ்சு செக்கன்ல முடிஞ்சிரும். இங்க ஒரு வளைவு திரும்பினா சிக்னல் நாலு கோடு, அடுத்த மலைக்குப் பின்னால ஒண்ணும் இல்ல, மலையில வேல செய்றவங்க போன்ல டேட்டா போறதும் வர்றதும் அப்படித்தான். உங்க டைமர் பெட்டிய மூடிருது, பதில் இன்னும் வரல, ஆளு "ஆச்சு"ன்னு நெனச்சுக்கிட்டுப் போயிருவாரு, இல்லாட்டி ஆகலன்னு மறுபடி அமத்துவாரு, ஒரே கொழுந்து ரெண்டு தடவ பதிவாகும்.

செய்ய வேண்டியது வேற. தகவல முதல்ல போன்லயே சேவ் பண்ணுங்க, ரூம் டேட்டாபேஸ் போதும். சேவ் ஆன உடனே "போன்ல பதிவாச்சு"ன்னு காட்டுங்க, அது உண்மை, சிக்னல் இல்லாட்டியும் உண்மை, அந்தச் செய்தி தானா போகலாம். சேர்வருக்கு அனுப்புறத வர்க் மேனேஜர்ட்ட குடுங்க, நெட் இருக்கிறப்பதான் ஓடணும்னு நிபந்தனை வச்சா அது பாத்து அனுப்பும். இன்னும் அனுப்பாதது எத்தனன்னு ஸ்கிரீன்ல ஒரு மூலையில எப்பவும் தெரியட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் போன்லயே ஒரு தனி ஐடி உண்டாக்கி அனுப்புங்க, அப்பத்தான் ரெண்டாவது தடவ வந்தாலும் சேர்வருக்கு அது பழசுன்னு தெரியும். சேர்வர் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறதுங்கிற எல்லைய நெட்வர்க் கோட்ல வைங்க. எல்லை தாண்டினா பெட்டி சும்மா மறையாம "அனுப்ப ஏலல, பிறகு போகும்"னு சொல்லட்டும்.

கண் தெரியாதவங்க, மெதுவா வாசிக்கிறவங்க இருந்தா?

இருப்பாங்க. இருக்காங்கன்னு வச்சுத்தான் எழுதணும்.

ஸ்கிரீன்ல இருக்கிறத சத்தமா வாசிக்கிற டோக்பெக் பாவிக்கிறவங்களுக்கு பெட்டி திறந்த உடனே போன் வாசிக்கத் தொடங்கும், பாதி வாசிக்கிறப்ப பெட்டி மூடினா வாசிப்பும் அறுந்து, ஃபோகஸ் எங்கயோ போய் நிக்கும். அன்ட்ரொய்ட் 10ல இருந்து எக்சசிபிலிட்டி (எல்லாரும் பாவிக்க உதவுற வசதி) செட்டிங்ஸ்ல, செயல்பட எவ்வளவு நேரம் வேணும்னு ஆளுங்களே தெரிவு செய்யலாம், 10 செக்கன்ல இருந்து 2 நிமிஷம் வரைக்கும் இருக்கு. உங்க டைமர் அத மதிக்கணும்னா எக்சசிபிலிட்டி மேனேஜர்ட்ட கெட் ரெக்கமென்டட் டைம்அவுட் மில்லிஸ்ல உங்க 3000த்த குடுங்க, அந்த ஆளு கூட்டி வச்சிருந்தா கூட்டின நேரம் திரும்பி வரும், அத டைமருக்குப் போடுங்க. ஒரே ஒரு வரி. இந்த வரி இல்லாத ஆப்ப முடிஞ்ச ஆப்னு நான் எண்ண மாட்டேன்.

வெப் தரங்கள எழுதுற டபிள்யூ 3 சி 2008ல வெளியிட்ட எக்சசிபிலிட்டி வழிகாட்டி 2.0லயே 2.2.1னு ஒரு விதி இருக்கு, நேர எல்லை வச்சா அத நிப்பாட்டவோ, மாத்தவோ, நீட்டவோ ஆளுக்கு வழி இருக்கணும்னு. நீட்டுற வழின்னா, முடிய முந்தி எச்சரிச்சு, சின்ன ஒரு செயலால நீட்டுறதுக்குக் குறைஞ்சது 20 செக்கன் குடுக்கணும். பேங்க் மாதிரி ஆப்ல லொகவுட் ஆகப்போகுதுன்னு சொல்ற பெட்டி செய்றவங்க இத கட்டாயம் பாருங்க, 5 செக்கன் எண்ணிட்டு வெளிய தள்ளுறது அநியாயம்.

மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு எண்ணிக் காட்டலாமா?

காட்டலாம், கவுன்ட் டவுன் டைமர் இருக்கு. ஆனா நம்பர் மாறுறப்ப எல்லாம் டோக்பெக் சத்தமா சொல்ற மாதிரி லைவ் ரீஜன் வைக்காதீங்க, செய்தியே கேக்காது. நம்பர் இறங்குறத பாத்தா ஆளுங்க செய்திய விட்டுட்டு நம்பரத்தான் பாப்பாங்க, அதனால மெல்லிசா குறையிற ஒரு கோடு போதும். அதுக்கு மேல ஒண்ணு செய்ய முடிஞ்சா, பெட்டிய விரலால தொட்டுப் பிடிச்சா டைமர் நிக்கிற மாதிரி எழுதுங்க.

போன லொக் பண்ணி பைல போட்டா டைமர் ஓடுமா?

போஸ்ட் டிலேய்ட் எண்ணுறது போன் விழிச்சிருக்கிற நேரத்த மட்டும்தான், ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனா எண்ணிக்கை அங்கேயே நிக்கும், கொரூட்டின் டிலேயும் மெயின் த்ரெட்ல அதே ஹேண்ட்லரத்தான் பாவிக்குது. அதனால 3 செக்கன்ங்கிறது சுவர்க் கடிகாரத்துல அரை மணித்தியாலமாவும் இருக்கலாம். சின்னப் பெட்டிக்கு இதால கவல இல்ல. லொகவுட் மாதிரி நேரம் முக்கியமான இடத்துல, தொடங்கின நேரத்த எலாப்ஸ்ட் ரியல்டைமால குறிச்சு வச்சுக்கிட்டு, திரும்பி வந்த உடனே எவ்வளவு போயிருக்குன்னு கழிச்சுப் பாருங்க, அது தூங்குற நேரத்தையும் சேத்து எண்ணும்.

ரீலோட் பேலன்ஸ் பாக்கிறப்ப வர்ற பெட்டி, மத்த ஆப்ட விளம்பரப் பெட்டி, இதெல்லாம் என் ஆப்பால தானா மூட ஏலுமா?

அது உங்க பெட்டி இல்ல, வேற ஆப்ட ஜன்னல்ல உங்க ஆப் கை வைக்க சிஸ்டம் விடாது. எக்சசிபிலிட்டி சேர்விஸ் வழியா குறுக்கால போகலாம்னு சில பேரு காட்டுவாங்க, அந்த அனுமதி கிடைச்சா ஸ்கிரீன்ல இருக்கிற எல்லாத்தையும் வாசிக்கலாம், பேங்க் ஆப் உட்பட, அதனால பிளே ஸ்டோர்லயும் அதுக்குக் கடும் கட்டுப்பாடு. இதுக்காக அதக் கேக்காதீங்க.

சரியா வேல செய்யுதான்னு எப்படி டெஸ்ட் பண்ணுறது?

பெட்டி வந்த உடனே கையால மூடிட்டு நாலு செக்கன் ஒண்ணும் தொடாம இருங்க, பின்னால எதுவும் மூடக்கூடாது. பெட்டி நிக்கிறப்ப போன திருப்புங்க. நிக்கிறப்ப ஹோம் போய்ட்டு கொஞ்சம் கழிச்சு வாங்க. ரெண்டு பெட்டிய அடுத்தடுத்து வர வைங்க. டெவலப்பர் ஒப்ஷன்ஸ்ல, எக்டிவிட்டிய வச்சிருக்காதங்கிறத (Don't keep activities) ஒன் பண்ணிட்டு இவ்வளவையும் மறுபடி செய்ங்க, விலை குறைஞ்ச போன்ல மெமரி இல்லாதப்ப நடக்கிறது எல்லாம் உங்க நல்ல போன்லயும் அப்பத்தான் தெரியும். எழுத்து சைஸ ஆகக் கூட்டி தமிழ்ல ஒரு தடவ, டோக்பெக் போட்டு ஒரு தடவ.

ஒட்டோமெட்டிக் டெஸ்ட்ல உண்மையா 3 செக்கன் காத்திருக்க வேணாம். கொட்லின் கொரூட்டின் டெஸ்ட்ல நேரத்த நீங்களே முன்னால தள்ளலாம், ஃப்ளட்டர்ல பம்ப்புக்கு 3 செக்கன் குடுத்தா போதும். ஃப்ளட்டர் டெஸ்ட் முடியிறப்ப "டைமர் இன்னும் மிச்சமிருக்கு"ன்னு ஃபெயில் ஆனா டெஸ்ட்ட திட்டாதீங்க, டிஸ்போஸ்ல கென்சல் எழுதியிருக்கான்னு போய்ப் பாருங்க.